முதுகு பிடித்துவிட்டது: பொறுத்திருப்பதா, டாக்டரிடம் போவதா?

கேட்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். "நாலு நாளா இடுப்பு பிடிச்சிருக்கு, ஸ்கேன் எடுத்துடலாமா?" "அம்மாவுக்கு ஆறு மாசமா முதுகுவலி, வயசானா வரத்தானே செய்யும்?" "இடுப்புலேர்ந்து கால் வரைக்கும் ஷாக் அடிச்ச மாதிரி இழுக்குது, பிசியோ போதுமா?" முதல் ஆள் அநேகமாக அவசரப்படுகிறார். இரண்டாமவர் அநேகமாகத் தாமதிக்கிறார். மூன்றாமவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது.

நான் டாக்டர் இல்லை. பதினொரு வருடமாக ஒரு முரண்டு பிடிக்கும் முதுகோடு குடித்தனம் நடத்துகிறவன். என் கதை சின்னது. காலியான கேஸ் சிலிண்டர்தானே என்று ஒரு கையால் தூக்கினேன், அது நிறை சிலிண்டர். பாதி குனிந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டேன். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாத்ரூம் போக இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் நாளே ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது, ஆனால் அந்த ரிப்போர்ட் ஒரு வருடம் என்னை விட்டுப் போகவில்லை.

அதே வருடம் என் சித்தப்பாவுக்கு நடுமுதுகில் மந்தமான ஒரு வலி. வயலுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், ராத்திரி மட்டும் புரண்டு புரண்டு படுப்பார். தைலம் தேய்த்தார், மெடிக்கலில் மாத்திரை வாங்கினார், சுளுக்கு எடுப்பவரிடம் இரண்டு முறை போனார். நாலு மாதம் ஓடியது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுகிற அளவுக்கு இளைத்தார். கடைசியில் ஒருநாள் கடைத்தெருவில் நடக்கும்போது செருப்பு காலை விட்டுக் கழன்றதே தெரியாமல் பத்தடி வெறுங்காலோடு நடந்திருக்கிறார். முதுகெலும்பில் காசநோய்.

அதிகம் வலித்தது எனக்கு. ஆபத்தில் இருந்தது அவர்.

அதனால்தான் "எவ்வளவு வலிக்கிறது?" என்ற கேள்வியை வைத்து முடிவெடுப்பதை நான் நம்புவதில்லை. தசை இறுகிப் பிடித்துக்கொண்டால் ஆளைக் கதறவைக்கும், ஆனால் தானே விட்டுவிடும். எலும்பை அரிக்கிற நோய் முனகிக்கொண்டே மாதக்கணக்கில் இருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, வலியோடு கூட வேறு என்ன வருகிறது. காய்ச்சல், எடை குறைவு, காலில் பலமின்மை, மரத்துப்போதல், சிறுநீர் மலம் கழிப்பதில் மாற்றம். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

இரண்டாவது, வலி போகும் திசை. பத்து நாளில் பாதியாவது குறைந்திருக்கிறதா, அப்படியே நிற்கிறதா, ஏறுகிறதா? கூடவே, எப்போது வலிக்கிறது? குனிந்தால், திரும்பினால் வலித்து, அசையாமல் படுத்தால் அடங்குகிற வலி பெரும்பாலும் தசை, மூட்டு, டிஸ்க் சம்பந்தப்பட்டது. எப்படிப் படுத்தாலும் அடங்காமல் ராத்திரியில் எழுப்புகிற வலியைச் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் யார். முப்பது வயதுக்காரருக்கு வந்த பிடிப்பும், ஐம்பதைத் தாண்டி வாழ்க்கையில் முதல் முறையாக வந்த வலியும் ஒன்றல்ல. சர்க்கரை நோய், முன்பு வந்து குணமான புற்றுநோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு, மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிதல், எச்ஐவி, வீட்டில் யாருக்காவது காசநோய்: இதில் ஏதாவது இருந்தால் பொறுத்திருக்கும் நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, செலவு. பணம் அதில் ஒரு பகுதிதான். தப்பான வழியில் போனால் எதை இழக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சில வழிகளில் வீணாவது ஐந்நூறு ரூபாய். சிலவற்றில் வீணாவது நாலு மாதம்.

## அவசர சிகிச்சைப் பிரிவு

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே ஒப்பிட ஒன்றும் இல்லை. போக வேண்டும், அவ்வளவுதான்.

தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. பார்க்கக் குதிரைவால் மாதிரி இருப்பதால் லத்தீனில் அதே அர்த்தத்தில் 'காடா எக்வைனா' என்று பெயர். பெரிய டிஸ்க் ஒன்று பிதுங்கி அந்தக் கொத்தை மொத்தமாக நசுக்கினால் சிறுநீர்ப்பை, ஆசனவாய், தொடை இடுக்கு ஆகியவற்றின் உணர்வும் கட்டுப்பாடும் போகும். அழுத்தத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து எடுத்தால் மீள வாய்ப்பு அதிகம். தள்ளிப்போட்டால் வாழ்நாள் முழுக்க சிறுநீர்க் குழாயோடு இருக்க நேரலாம்.

இதில் ஆட்கள் தவறவிடுகிற அறிகுறி வலி இல்லை, மரத்துப்போதல். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எந்த இடம் படுமோ அந்த இடம் முழுக்க. டாய்லெட் போய்விட்டுக் கழுவும்போது தண்ணீர் படுவது தெரியவில்லையா? சிறுநீர் முட்டுகிறது, ஆனால் ஆரம்பிக்க வரவில்லையா? அல்லது முட்டுவதே தெரியாமல் சொட்டுகிறதா? நாளைக் காலை வரை காத்திருக்காதீர்கள். கூச்சப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு, குறிப்பாகப் பெண்கள். இந்த ஒரு விஷயத்தில் கூச்சம் உதவாது.

இதே வரிசையில் இன்னும் சில. ஒரு காலோ இரண்டு காலோ நாளுக்கு நாள் பலம் இழப்பது. மாடியிலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தபின் முதுகுவலி (விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள், படுத்தபடியே வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்). மேல்முதுகில் திடீரென்று கிழிப்பது போன்ற வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சழுத்தம். இதை "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிப் பூண்டு தின்னவைத்து இழந்த உயிர்கள் எத்தனை என்று எந்த ஊரில் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். நடுங்கவைக்கும் குளிர்காய்ச்சலோடு முதுகுவலி. நிறைமாதத்துக்கு முன்பே கர்ப்பிணிக்கு விட்டு விட்டு வரும் இடுப்புவலி, கூடவே வயிறு இறுகுதல்: அது பிரசவ வலியாக இருக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், சாதாரணப் பிடிப்போடு அவசரப் பிரிவுக்குப் போனால் ஒரு ஊசியும் நாலு மணி நேரக் காத்திருப்பும். அது போகட்டும்.

## வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

மேலே சொன்ன எதுவும் இல்லை, உங்கள் உடம்பில் கவலைப்படவேண்டிய பழைய நோயும் இல்லை என்றால், முதல் இரண்டு வாரத்துக்கு இதுதான் நல்ல வழி. கீழ்முதுகு வலியில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன டிஸ்க் என்று சுட்டிக்காட்டுகிற மாதிரி ஒரு காரணம் கிடைப்பதில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு நாலைந்து வாரத்தில் நன்றாகக் குறைந்துவிடும்.

ஆனால் வீட்டில் இருப்பது என்றால் படுத்துக்கிடப்பது இல்லை. பழைய நாளில் "மூணு வாரம் பெட் ரெஸ்ட்" என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த அறிவுரையை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. முதல் ஒன்றிரண்டு நாள் தாங்க முடியாவிட்டால் படுக்கலாம். அப்புறம் எழுந்து வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுங்கள். தரையில் பாய் போட்டுத்தான் படுக்க வேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. 2003-இல் ஸ்பெயினில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் சோதித்துப் பார்த்தபோது, கட்டை மாதிரி கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமான மெத்தையில் படுத்தவர்களே தேவலாம் என்றிருந்தார்கள். எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறதோ அதுதான் சரி.

வலி விட்டபின் நடை. 2024-இல் ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு மட்டும் படிப்படியாக நடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர எடுத்த காலம் இடைநிலைக் கணக்கில் (அதாவது பாதிப் பேருக்கு அதற்குள் திரும்பியது) 208 நாள். மற்றவர்களுக்கு 112 நாள். காசு செலவில்லாத வைத்தியத்துக்கு இது நல்ல கணக்குதான்.

இந்த வழியின் மறைந்த செலவு ஒன்றுதான்: பழகிப்போவது. "இன்னிக்குப் பரவாயில்லை" என்று சொல்லிச் சொல்லியே சித்தப்பாவுக்கு நாலு மாதம் போனது. ஆகவே காலெண்டரில் தேதி குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் குறையத் தொடங்காவிட்டால் டாக்டர். குறைந்துகொண்டே வந்தாலும் ஆறு வாரத்துக்குமேல் நீடித்தால் டாக்டர்.

## மெடிக்கலில் மாத்திரை

நம் ஊரில் உண்மையில் முதலில் நடப்பது இதுதான். "இடுப்பு வலி, ஒரு மூணு வேளைக்குக் கொடுங்க" என்றால் நாலு நிறத்தில் மாத்திரையைக் கத்தரித்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது.

அந்தச் செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரை இருக்கும். ஆரோக்கியமான ஆளுக்கு மூன்று நாள் என்றால் அதில் பெரிய தப்பு இல்லை. பாரசிட்டமால் பாதுகாப்பானது என்றாலும் முதுகுவலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. 2014-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 1,600-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாரசிட்டமால் சாப்பிட்டவர்கள் குணமாக 17 நாள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாள்.

செலவு முப்பது ரூபாய், ஐம்பது ரூபாய். மறைந்த செலவுதான் பயமுறுத்துகிறது. டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை வாரக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, ரத்தக்கொதிப்பு ஏறுதல் எல்லாம் வரலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள், இதய நோய் உள்ளவர்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்கெனவே கொஞ்சம் ஏறியவர்கள், கர்ப்பிணிகள் இவர்களெல்லாம் கேட்காமல் தொடவே கூடாது. அப்புறம் அந்த மடித்த காகிதத்தில் சில சமயம் ஒரு சின்ன ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். ஒரே நாளில் "அற்புதமா கேக்குது" என்று தோன்றினால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வரும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும், உள்ளே கிருமி இருந்தால் அதை வளரவிட்டுக் காய்ச்சலை மட்டும் மறைக்கும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? காரணம் தெரிந்த பிடிப்பு, ஐம்பதுக்குக் கீழே வயது, வேறு நோய் இல்லை, பெயர் தெரிந்த ஒரே மாத்திரை, அதுவும் சாப்பாட்டுக்குப் பின், மூன்று நாலு நாள் மட்டும். அதற்கு மேல் வேண்டியிருக்கிறது என்றால் உங்களுக்கு வேண்டியது மாத்திரை இல்லை, டாக்டர்.

## சுளுக்கு எடுப்பது, நீவிவிடுவது

இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பதமான எண்ணெய்யும் பழகிய கையும் இறுகிய தசையைத் தளர்த்தும், என் முதுகே சாட்சி. பயந்து விறைத்திருக்கும் ஆளுக்கு "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று ஒருவர் தொட்டுச் சொல்வதே பாதி மருந்து.

ஆனால் தொட்டுப் பார்த்து எலும்பின் உள்ளே இருப்பதைச் சொல்ல எந்தக் கைக்கும் வராது. "டிஸ்க் விலகியிருக்கு, ஏத்திவிடறேன்" என்பது நடக்கிற காரியம் இல்லை. டிஸ்க் என்பது அடுக்கில் நழுவிய தட்டு அல்ல, தள்ளி உள்ளே வைக்க. மெலிந்த எலும்பை அழுத்தி முறுக்கினால் உடையும். அரித்துப்போன எலும்பை மிதித்தால் தண்டுவடமே நசுங்கலாம். சித்தப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து முழங்கையால் அழுத்தியதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

மென்மையாக நீவுவதோடு நிறுத்துவதென்றால், பிடிப்புக்கு சரி. காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், காய்ச்சல், அறுபதைத் தாண்டிய வயது, விழுந்தபின் வலி என்றால் திருகுவதும் மிதிப்பதும் நெட்டி முறிப்பதும் வேண்டவே வேண்டாம்.

## குடும்ப டாக்டர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம்

மக்கள் தாண்டிக் குதித்துப் போகிற படி இது. என் கணக்கில் ஏழெட்டுப் பேரில் ஆறு பேருக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும். எம்பிபிஎஸ் படித்த ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கி, படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்து, முழங்கால் அனிச்சையைத் தட்டிப் பார்த்து, குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்கச் சொன்னால் நரம்பு அழுந்துகிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். குதிகாலில் நிற்க முடியாவிட்டால் ஒரு நரம்பு, நுனிக்காலில் எழும்ப முடியாவிட்டால் வேறொரு நரம்பு. சந்தேகம் இருந்தால் இஎஸ்ஆர், சிஆர்பி என்று சில நூறு ரூபாயில் முடிகிற ரத்தப் பரிசோதனை. உள்ளே கிருமியோ அழற்சியோ இருந்தால் இவை பெரும்பாலும் ஏறியிருக்கும்.

நம் நாட்டில் இந்தப் படியைத் தாண்டக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். வெளிநாட்டு இணையதளங்களில் முதுகுவலிப் பட்டியலின் கடைசி வரியில் இருக்கும் இந்த நோயை இங்கே மேலே ஏற்றி வைக்க வேண்டும். இருமல் இருக்க வேண்டும் என்றில்லை. சாயங்காலம் உடம்பு கதகதப்பாவது, பசி குறைவது, ராத்திரி வியர்ப்பது, துணி தளர்வது. இவை எதுவுமே இல்லாமலும் வரலாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதும் ஆறுதல் இல்லை. ஆரம்ப நிலையில் அதில் தெரியாது. கண்டுபிடித்துவிட்டால் மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும்.

இன்னொரு கூட்டத்தையும் முதல் டாக்டர்தான் பிடிக்க வேண்டும்: நாற்பதுக்குக் கீழே உள்ள இளைஞர்கள். காலையில் எழுந்ததும் முதுகு அரைமணிக்கு மேல் கட்டையாக இருக்கிறது, வேலை செய்யச் செய்ய விடுகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு வலி எழுப்புகிறது, மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. சாதாரண வலிக்கு இது நேர்மாறு. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்கிற அழற்சி நோயாக இருக்கலாம். இவர்கள் போக வேண்டியது மூட்டுவாத நிபுணரிடம். "பைக் ஓட்டறதால" என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இடுப்புவலி என்றாலே கிட்னி என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கல் வலி விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் ஆரம்பித்து அலை அலையாக அடிவயிற்றுக்கு இறங்கும். ஆள் ஓரிடத்தில் இருக்க முடியாமல் துடிப்பார். முதுகுப் பிடிப்புக்காரர் அசையவே பயப்படுவார். சிசேரியனுக்குப் போட்ட முதுகு ஊசிதான் பத்து வருட வலிக்குக் காரணம் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விடுவதுதான் நஷ்டம்.

இந்த வழியின் குறை: எல்லா டாக்டரும் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை. தொடாமலேயே ஊசி எழுதினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

## பிசியோதெரபி

ஆபத்தான காரணம் இல்லை என்று ஒருவர் பார்த்துச் சொன்னபின், வலி திரும்பத் திரும்ப வருகிறது அல்லது மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது என்றால் இதுதான் என் முதல் தேர்வு. ஆனால் எந்த பிசியோ என்பது முக்கியம். உங்கள் நடையைப் பார்த்து, நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்து, "இதை வீட்டுல செய்யுங்க, பத்து நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்புகிறவர் நல்லவர். ஒயரை ஒட்டி, சூடு வைத்து, இழுவை மாட்டி, "பதினஞ்சு சிட்டிங் ஆகும்" என்கிறவரிடம் யோசியுங்கள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சித் திட்டங்களைப் பரிந்துரைத்தது. இழுவை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல் வழியாக லேசான மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் கருவி, இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வேண்டாம் என்றது. நானும் ஒரு பெல்ட்டை எட்டு மாதம் கட்டிக்கொண்டு அலைந்தவன்தான்; அவிழ்த்தபோது முதுகுக்குத் தானாக நிற்கிற தைரியம் போயிருந்தது.

என் ஊரில் ஒரு சிட்டிங் 300 முதல் 500 ரூபாய். பதினைந்து சிட்டிங் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே அரைநாள் சம்பளம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும். எழுந்து போக முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். இது பலருக்கும் தெரிவதில்லை.

## நேராக ஸ்கேனும் நிபுணரும்

நான் செய்த தப்பு இது. எம்ஆர்ஐ அருமையான கருவி, சரியான கேள்வியோடு போனால். கேள்வி இல்லாமல் போனால் அது கிடைத்ததையெல்லாம் எழுதித் தரும். முதுகுவலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். நாற்பதில் 50. எண்பதில் 84. தேய்மானம் என்று எடுத்துக்கொண்டால் எண்பதில் 96 சதவீதம். நரை முடியை நோய் என்று யாரும் சொல்வதில்லை. முதுகெலும்பின் நரைக்கு மட்டும் நாம் ரிப்போர்ட் வாங்கி ஃபைல் போட்டு வைக்கிறோம்.

அந்த ரிப்போர்ட்டைப் படித்தபின் நான் குனியவில்லை, குழந்தையைத் தூக்கவில்லை, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காரவில்லை. ஒரு வருடம். முதுகு பலவீனமானது டிஸ்க்கால் இல்லை, பயத்தால். ஸ்கேனுக்கு ஆன ஏழாயிரத்தைவிட அந்த வருடம்தான் எனக்குப் பெரிய செலவு.

இதே ஸ்கேன் சித்தப்பாவுக்கு மூன்று மாதம் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டியது. ஆகவே "ஸ்கேன் நல்லதா கெட்டதா" என்பதில்லை. காலில் பலம் குறைகிறது, கிருமியோ புற்றுநோயோ எலும்பு முறிவோ சந்தேகம், ஆறு வாரத்துக்குமேல் காலுக்கு இறங்கும் வலி விடவில்லை, ஊசியோ அறுவை சிகிச்சையோ யோசிக்கிறார்கள் என்றால் உடனே எடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு இன்னொன்று: கொஞ்சதூரம் நடந்தாலே இரண்டு காலும் கனத்து இழுக்கிறது, உட்கார்ந்தால் அல்லது முன்னால் சாய்ந்தால் விடுகிறது என்றால் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். அதற்கும் நிபுணர் வேண்டும், ஆனால் ஓடிப்போகிற அவசரம் இல்லை.

எலும்பு டாக்டரா, நரம்பு டாக்டரா? முதுகுத்தண்டை வழக்கமாகப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் சரி. காலுக்கு இறங்கும் வலிக்கு அறுவை சிகிச்சை என்று சொன்னால் பதறவேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். 2007-இல் நெதர்லாந்தில் 283 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இடைநிலைக் கணக்கில் 4 வாரத்தில் மீண்டார்கள், பொறுத்திருந்தவர்கள் 12 வாரத்தில். ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் குணம். வேலைக்குச் சீக்கிரம் திரும்பியாக வேண்டியவருக்கு அந்த எட்டு வாரம் பெரிசு. மற்றவர்களுக்குக் காத்திருக்கலாம், கால் பலம் குறையாதவரை. நாளாக ஆக வலி திடீரென்று காணாமல்போய்ப் பாதம் மட்டும் தொங்க ஆரம்பித்தால் அதைக் குணம் என்று நினைக்காதீர்கள். நரம்பு கத்துவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

## ஒரே பார்வையில்

| உங்கள் நிலை | முதலில் எங்கே | எவ்வளவு சீக்கிரம் |
|---|---|---|
| குனிந்து தூக்கியதில் பிடிப்பு, காலில் ஒன்றுமில்லை | வீடு, ஒத்தடம், நடை | இரண்டு வாரம் பார்க்கலாம் |
| காலுக்கு இறங்கும் வலி, பலம் குறையவில்லை | குடும்ப டாக்டர் | ஓரிரு வாரத்துக்குள் |
| இடுக்கில் மரத்தல், சிறுநீர் சிக்கல், கால் பலம் குறைதல் | அவசரப் பிரிவு | இப்போதே |
| காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வலி, பழைய புற்றுநோய் | டாக்டர், ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ | சில நாளுக்குள் |
| மாதவிடாய் நின்ற பெண், குடம் தூக்கியதும் அல்லது லேசாக வழுக்கியதும் திடீர் வலி | டாக்டர், எக்ஸ்ரே | ஓரிரு நாளில் |
| இளவயது, காலை விறைப்பு, மூன்று மாதம் | டாக்டர் வழியாக மூட்டுவாத நிபுணர் | இந்த மாதத்துக்குள் |
| வருடக்கணக்கில் வந்து போகும் அதே வலி | பிசியோதெரபி, நடை | அவசரமில்லை, ஆனால் ஆரம்பியுங்கள் |
| சிறு குழந்தைக்கு விடாத முதுகுவலி | குழந்தை நல டாக்டர் | சில நாளுக்குள் |

## டாக்டர் அறைக்குள் போனால்

கிடைப்பது மூன்று நிமிடமாக இருக்கலாம். "முதுகு வலி சார்" என்று ஆரம்பித்தால் அந்த மூன்று நிமிடமும் மாத்திரையில் முடியும். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, கால் விரல் வரை போகிறதா தொடையோடு நிற்கிறதா, ராத்திரி எழுப்புகிறதா, எடை எவ்வளவு குறைந்தது, சிறுநீர் எப்படி, இவற்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும், அட்டை இல்லாத அந்த மடித்த காகிதத்தையும் எடுத்துப் போங்கள். ஆங்கிலம் தேவையில்லை. சித்தப்பாவை அரசு மருத்துவமனையில் பார்த்த டாக்டர் ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன் கேட்ட கேள்வி இதுதான்: "செருப்பு கழண்டது தெரிஞ்சுதா, தெரியலையா?" தெரிந்தும் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால் பலம் போகிறது, கழன்றதே தெரியவில்லை என்றால் உணர்வும் போகிறது என்று அப்புறம் விளக்கினார். அதற்கு முன் சித்தப்பாவைப் பார்த்த மூன்று பேரில் ஒருவரும் காலைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, "முதுகுக்குத்தானே வந்தோம், செருப்பைப் பத்தி எதுக்கு?" என்று இருந்துவிட்டார்.